பக்கத்து சீட்டுக்காரி

லின்யீ, மார்ச் 6

யாவ்யாவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ சாப்பிட்டாயா, கொட்டாவி விட்டாயா, எந்தச் சட்டை போட்டிருக்கிறாய் என்பதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள ஒருத்தி இருக்கிறாள். வேண்டுமென்றால் அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

போனில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். அதனால்தான் பள்ளிப் படிப்பை விட்ட பிறகு முதல்முறையாகப் பேனா பிடித்திருக்கிறேன். டிங் அண்ணன் லாரியும் உன் ரோட்டில்தானே ஓடுகிறது, வூவெய் நூடுல்ஸ் கடையில் உன் கையில் கொடுத்துவிடுவார். அவர் பிரித்துப் படித்தாலும் ஒரு ஆள்தான் படிப்பார். உன் லாரிக்குள் பேசினால் ஒரு ஆபீசே கேட்கிறது.

நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இந்த எலிப்பொந்து அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னவோ தோன்றியது, உனக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன்? "நீ பக்கத்துல இல்லாம ரொம்பக் குளிருது" என்று சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி ஒரு பேச்சு என் வாயிலிருந்து எத்தனை முறை வந்திருக்கிறது? வந்த அந்த ஒரு முறை பார்த்து, உன் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

"மாஸ்டர் நியு, பணி எண் பதினேழு பேசறேன். ஓட்டறப்போ போன் வேண்டாமே."

உன் குடும்பப் பெயரோடு மாஸ்டர் பட்டம் வேறு. வேண்டாமேவாம். அந்த இழுப்பில் எவ்வளவு தேன்! நீ என்ன செய்தாய்? "சரிம்மா, இதோ வச்சிடறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் போனை வைத்தாய். வைக்கிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

பதினோரு வருஷம் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். லாரிக்காரன் பெண்டாட்டிகள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஓடுகிற வண்டியில் காய் நறுக்கினேன், டீசல் திருட வந்தவனைக் கரண்டியோடு விரட்டினேன், நீ தூங்கிவிடாமல் காதைத் திருகினேன். சிகரெட்டை விடு, விடு என்று தொண்டை கிழியக் கத்தினேன். விட்டாயா? இப்போது வண்டிக்குள் சிகரெட்டைத் தொடுவதே இல்லையாமே! பதினேழு வேண்டாம் என்றாளாம். டிங் அண்ணன் பெருமையாகச் சொல்கிறார்.

ஜூனில் மகள் யாவ்யாவுக்குப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை. அதுவரை பள்ளிக்கூடத்தை ஒட்டி அறை எடுத்து அவளுக்குச் சமைத்துப் போட வேண்டும் என்றுதான் இறங்கினேன். இறங்கினேனே தவிர, இடத்தை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வரவில்லை.

இதோடு ஒரு சிவப்புத் தொப்பி அனுப்பியிருக்கிறேன். பஞ்சு வைத்துத் தைத்தது. உன் தலைக்கு இல்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறதே ஒரு கண்ணு, அதற்கு. மாட்டு, பிறகு பேசலாம்.

யுன்ஷியா


வூவெய், மார்ச் 15

யுன்ஷியா,

கடிதம் வந்தது. தொப்பியும் வந்தது. யாருக்கு, பொம்மைக்கா என்று டிங் அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். கேமராவை நான் வைக்கவில்லை. கம்பெனி வைத்தது. ஒன்று ரோட்டைப் பார்க்கிறது, ஒன்று என்னைப் பார்க்கிறது. இரண்டும் இல்லாத வண்டிக்கு லோடு கிடையாது. கொட்டாவி விட்டால் கத்துகிறது, குனிந்தால் கத்துகிறது. அதற்கும் மசியாவிட்டால் ஆபீசிலிருந்து ஆள் பேசுகிறார்கள். என் வண்டி பதினேழின் திரையில் வருகிறது, அவ்வளவுதான். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நல்ல பெண்தான். ஒன்று சொல்கிறேன், கேட்டால் உனக்கே புரியும். என் கண் சின்னது. உனக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியவில்லை. நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு ஓட்டினாலும் தூங்காதே, தூங்காதே என்று அலறியது. கண்ணை விரித்து விரித்து நெற்றியெல்லாம் வலி. எச்சரிக்கைக்கு மேல் எச்சரிக்கை வந்து வேலையே போகிற மாதிரி இருந்தது. பதினேழுதான் என் பழைய படங்களை எல்லாம் எடுத்து உட்கார்ந்து பார்த்து, இந்த ஆள் தூங்கவில்லை, கண்ணே இவ்வளவுதான் என்று மேலே எழுதிக் கொடுத்தாள். அப்புறம் ஸ்பீக்கரில், "மாஸ்டர், நீங்க சிரிச்சா கண்ணு இருந்த இடமே தெரியலை. ஓட்டறப்போ சிரிக்காதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதில் என்ன தப்பு?

இந்த முறை பூண்டு லோடு. படுக்கை வரைக்கும் நாறுகிறது. யாவ்யாவ் நன்றாகப் படிக்கட்டும். பிளாக்கை எடு.

தேஷெங்


லின்யீ, மார்ச் 24

சிரித்தாயா?

நம் கல்யாணத்தன்று போட்டோக்காரன் "மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க, காசா பணமா" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சினான். நீ ஜப்திக்கு வந்த அதிகாரி மாதிரி நின்றாய். அந்தப் படம்தான் இன்றைக்கும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. முகம் தெரியாத ஒருத்தி ஸ்பீக்கரில் ஒரு வார்த்தை சொன்னதும் உனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறதா?

உன் கண்ணை அவள் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தாளாம். அதை எனக்கே எழுதுகிறாய், இதில் என்ன தப்பு என்று வேறு கேட்கிறாய். உன்னை மாதிரி ஒரு வெகுளியை எங்கே போய்த் தேடுவது!

உன் கண்ணைப் பற்றி நான் சொல்கிறேன், கேள். தூக்கம் வருமுன் வலது இமைதான் முதலில் சரியும். அப்புறம் மூக்கைத் தேய்ப்பாய். அப்புறம் நான் எதைச் சொன்னாலும் "ம்" மட்டும் வரும். அந்த "ம்" இழுபட ஆரம்பித்ததும் நான் காதைப் பிடிப்பேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. அவள் ஒரு பட்டனைத் தட்டிக் கற்றுக்கொண்டாள். எனக்கு வயிறு எரிகிறது. மறைத்து எழுத எனக்குத் தெரியாது. வயிறு எரிகிறது.

இன்னும் ஒன்று. அந்தக் கண்ணுக்குப் பின்பக்கத்துப் படுக்கை தெரியுமா? உடுப்பு மாற்றுகிறபோது? முதுகைத் துடைக்கிறபோது? இதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத மறந்தாயா, இல்லை எழுத வேண்டாம் என்று விட்டாயா?

தொப்பியை மாட்டினாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

யுன்ஷியா


ஹாமி, ஏப்ரல் 6

யுன்ஷியா,

மாட்டினேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். படுக்கையில் பாதி தெரியும். நான் டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றுதான் உடுப்பு மாற்றுகிறேன், காற்று அறைகிறது. அரிக்கிற இடத்தில் சொறிய முடியவில்லை. தனியாகப் பாடிக்கொண்டு வருவேனே, அதுவும் நின்றுவிட்டது. உனக்கு மட்டும்தான் எரிகிறது என்று நினைக்காதே. பகலெல்லாம் ஒருவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த முகம் அவனுடையதாகவே இருப்பதில்லை.

தொப்பி மாட்டிய முதல் நாள் நன்றாக இருந்தது. ஷூவைக் கழற்றினேன், பாடினேன். செத்துப்போன பெரியவர்களின் கல்லறையைத் துடைத்துக் கும்பிடும் நாள் அது. அப்பா போய் முதல் வருஷம், நான் ஊரில் இல்லை. பாட்டு நடுவில் நின்றது, அழுதேன். பார்க்க ஆள் இல்லாமல் அழுவது எவ்வளவு வசதி தெரியுமா?

மறுநாள் ஹாமிக்கு முன்னால் அந்த நேர்ரோடு. உனக்குத் தெரிந்த ரோடுதான். ஜல்லிச் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். வலப்பக்கச் சக்கரம் எல்லாம் ரோட்டை விட்டு இறங்கியிருந்தது. திருப்பிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

தொப்பியைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் பதினேழு ஸ்பீக்கரில் வந்தாள். திட்டவில்லை. "மாஸ்டர், ஓரமா நிறுத்தித் தண்ணி குடிங்க. வண்டி நின்னுட்டா தொப்பியைப் போட்டுக்கங்க, நான் கண்டுக்க மாட்டேன். ஓடறப்போ மட்டும் கழட்டிடுங்க" என்றாள். இது எங்களுக்குள் பேசிக்கொண்டது. கம்பெனிக்குத் தெரியாது. நீயும் யாரிடமும் சொல்லாதே.

தேஷெங்


லின்யீ, ஏப்ரல் 17

யாவ்யாவின் அப்பாவுக்கு,

ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் உன் பேனா தாளைக் குத்திக் கிழித்திருக்கிறது. நான் அந்தக் கிழிசலை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். தொப்பி தைத்து அனுப்பியவள் நான். தைத்த ஊசியைத் தூக்கி எறிந்தேன், போதுமா?

அது முடிந்ததும் அடுத்த வரியைப் படித்தேன். "எங்களுக்குள்" என்று எழுதியிருக்கிறாய். நான் கண் எரிய உட்கார்ந்து தைத்த தொப்பியை வைத்தே நீயும் அவளும் ரகசியம் பேசி முடித்துவிட்டீர்கள்! "நீயும் யாரிடமும் சொல்லாதே"யாம். வீட்டுக்காரியே வெளியாள் ஆகிவிட்டேன்.

பஸ் பிடித்துப் போனேன். ஆமாம், உன் கம்பெனிக்குத்தான். டயர் கிடங்குக்கு மேல் மாடி. உள்ளே சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்க ஆம்பளைகள் முகம். "பதினேழு யாரு? எந்திரி!" என்றேன்.

ஒரு பெண் எழுந்தாள். குண்டு. கன்னத்தில் பரு. ஒரு கையில் கண்ணுக்கு விடும் மருந்து, மறு கையில் கடித்த பன். அழகாக இருந்திருந்தால் ஓங்கி ஒன்று விட்டிருப்பேன், அந்தக் கோலத்தைப் பார்த்துக் கை மேலே போகவில்லை.

"அண்ணி, உட்காருங்க. கத்தாதீங்க, வண்டியெல்லாம் லைன்ல இருக்கு" என்றாள்.

"நான் அண்ணின்னு உனக்கு யாருடி சொன்னது?"

"குரல் தெரியும் அண்ணி. போன்ல கேட்டிருக்கேனே."

எனக்கு முகம் காந்தியது. குளிருது என்று சொன்னேனே, அது. அவளுக்கும் முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கு சூப்பர்வைசர் என் பின்னாடி நின்னுட்டிருந்தாரு. நீங்க பேசறது அவருக்கும் கேட்டிருக்கும். அதான் சட்டுனு வைக்கச் சொன்னேன்" என்றாள். நம்புவதா, வேண்டாமா? பாதி நம்பினேன். மீதிப் பாதி என் வயிற்றிலேயே இருக்கிறது.

அதற்குள் ஒரு திரை சிவப்பாக மின்னியது. எவனோ ஒரு தடியன் ஸ்டியரிங் மேல் சரிந்துகொண்டிருந்தான். இவள் "மாஸ்டர்... மாஸ்டர்..." என்று தாலாட்டுகிறாள். அந்தக் குரலுக்கு விழித்திருக்கிறவனே தூங்கிவிடுவான். எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, "டேய் எருமை! கண்ணைத் திறடா! வீட்டுல பொண்டாட்டி புள்ள இருக்கா இல்லையா? சாகறதா இருந்தா வண்டியை ஓரங்கட்டிட்டு சாவு!" என்று போட்டேன். அவன் துள்ளின துள்ளலில் தலை கூரையில் இடித்தது. மொத்த ரூமும் என்னைப் பார்த்தது.

சூப்பர்வைசர் வந்தார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். வேலை வேண்டுமா என்று கேட்டார்.

மகள் பள்ளிக்கூடம் போய்த் திரும்புகிற வரை வேலை. பணி எண் முப்பத்தொன்று. இனிமேல் உன் மனைவிக்கும் ஒரு எண் உண்டு, தெரிந்துகொள்.

யுன்ஷியா


வூவெய், ஏப்ரல் 28

யுன்ஷியா,

எத்தனை பேர்?

உன் திரையில் எத்தனை ஆம்பளைகள் வருகிறார்கள்? அவர்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டதா? சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்களா?

இதை உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்கவில்லை. கடிதம் டிங் அண்ணன் பையில் இருக்கும்போதே சங்கதி நூடுல்ஸ் கடைக்கு வந்துவிட்டது. பெரிய லியாங் தெரியும் அல்லவா, தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு திரிவானே, அவன் மேஜையைத் தட்டிச் சொல்கிறான்: "புதுசா ஒண்ணு வந்திருக்குய்யா, முப்பத்தொண்ணு. என்னா குரல்! திட்டினா அப்படியே வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு. நான் வேணும்னே கொட்டாவி விடறேன். ஒரு கொட்டாவிக்கு ஒரு திட்டு." எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன் அவனுக்கு நீ "எருமை" என்று சொன்னதாகப் பெருமை அடித்துக்கொண்டான்.

எருமை நான். எனக்குச் சொன்ன வார்த்தை அது.

அவன் கிண்ணத்தைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டேன். குழம்பு அவன் பேண்டில் கொட்டியது. "உனக்கு என்னய்யா வந்தது, அவ உன் பொண்டாட்டியா?" என்றான். ஆமாம் என்றேன். கடையில் ஒருத்தரும் சாப்பிடவில்லை, என்னையே பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தன், "கொடுத்து வச்சவன்யா" என்றான். அது இன்னும் எரிச்சல்.

என் பெண்டாட்டி திட்டுவது எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையை விடு. விட முடியாது என்றால் என் வண்டியை உன் திரைக்கு மாற்றச் சொல். நானும் கொட்டாவி விடுகிறேன்.

தேஷெங்


லின்யீ, மே 11

என் எருமைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். குழம்பு கொட்டிய இடத்தை இன்னும் அதிகமாகப் படித்தேன். வயிறு எரிகிறதா? எரியட்டும், எரியட்டும். எனக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது தெரியுமா? லியாங் இனிமேல் கொட்டாவி விட்டால் நான் பேச மாட்டேன், மெஷினையே கத்த விடுகிறேன்.

உன் வண்டி என் திரைக்கு வராது. உறவுக்காரர் வண்டியைப் பார்க்கக் கூடாது என்று இங்கே விதி. நீ பதினேழிடம்தான். அவள் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருகிறாள். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், நீ தெரிவாய். திருப்ப மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் திரையைப் பார்த்துத் தன்னால் சிரித்தால் போதும், எனக்குள் அடுப்பு மூட்டிய மாதிரி ஆகிவிடும். எதற்குடி சிரிக்கிறாய் என்று கேட்கவும் முடியாது.

ஆனால் இங்கே உட்கார்ந்த பிறகு ஒன்று புரிந்தது. யாரும் இல்லை என்று நினைத்து மனுஷன் என்னவெல்லாம் செய்கிறான்! ஒருத்தன் மகளுடைய பழைய செருப்பை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கிறான். ஒருத்தன் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு முகம் ஒட்டிப்போய் ஓட்டுகிறான். கண்ணை விலக்கிக்கொள்ள முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். பதினேழுதான் கற்றுக்கொடுத்தாள். "கையையும் கண்ணையும் மட்டும் பாருங்க அண்ணி. மத்தது நம்மளது இல்லை" என்பாள்.

இனிமேல் எழுதுவது உனக்குப் பிடிக்காது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

முந்தாநாள் அவள், "அண்ணி, ஒரு நிமிஷம் பார்த்துக்கங்க" என்று காதில் இருந்த ஹெட்போனை என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். வேண்டுமென்றே போனாளோ என்னவோ. பார்த்தேன். நீ இளைத்திருக்கிறாய். சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் என் மஞ்சள் தலையணை அப்படியே இருக்கிறது. நீ அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாய். "யுன்ஷியா, பயமா இருக்கு" என்றாய். உடனே என் குரலில், மூக்கால் இழுத்து, "பேசாம ரோட்டைப் பாரு கிழவா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அப்படியா பேசுகிறேன்?

நீ மறுபடி வாயைத் திறந்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ பேசுவது என்னிடம் இல்லை. காதில் இருந்ததைக் கழற்றிவிட்டேன். திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். மீதியைக் கேட்கவில்லை.

நம்ப மாட்டாய், எனக்கு இப்போது பதினேழைப் பார்த்தால்கூட அவ்வளவு எரியவில்லை. அந்தக் காலி சீட்டைப் பார்த்துத்தான் எரிகிறது. யார் அவள்? என் குரலில் பேசுகிறாள், என் தலையணையில் சாய்ந்திருக்கிறாள். இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்திருந்த என்னிடம் பயமாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாயா? அவளிடம் சொல்கிறாய். எனக்கு எழுதும்போது மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

யுன்ஷியா


உரும்ச்சி, மே 19

பார்த்தாயா. சரி.

பதினேழு பார்த்தால் அது அவள் வேலை. நீ பார்த்தால் அது என்ன?

தேஷெங்


வூவெய், மே 30

யுன்ஷியா,

முன்னால் எழுதியதைக் கொடுக்க வேண்டாம் என்று டிங் அண்ணனிடம் சொல்லலாம் என்று ஓடினேன். அவர் கிளம்பிவிட்டார். எழுதியது எழுதியதுதான்.

கோபம் உண்மைதான். கம்பெனிக்காரன் பார்க்கிறான் என்றால் அவனைத் திட்டிவிட்டு மறந்துவிடலாம். உன்னிடம் நான் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்று வைத்திருந்தேன். அதை நீ பின்பக்க வழியாக வந்து பார்த்துவிட்டாய். நான்கு நாள் அந்தத் தலையணைப் பக்கமே திரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். அந்த நான்கு நாளும் பதினேழு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், வலது இமை சரிகிறது, சரிகிறது என்று. அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அண்ணி சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள்.

அங்கே உட்கார்ந்து எரிந்துகொண்டே அவளுக்கு இதையும் சொல்லிக் கொடுத்தாயா?

திரையை மூடினேன் என்று எழுதியிருந்தாய். அதை இன்றைக்குத்தான் சரியாகப் படித்தேன். மூடியதற்காக மீதியைச் சொல்கிறேன். சீட்டிடம் சொன்னதை உன்னிடம் எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்த ஜல்லிச் சத்தம் கேட்டேனே. அதிலிருந்து ஒவ்வொரு நேர்ரோட்டுக்கும் பயம். அது ஒன்று. இன்னொன்று அதைவிடப் பெரிது. உனக்கு இப்போது நாற்காலி இருக்கிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது, சுடச்சுட டீ வருகிறது. இங்கே என்ன இருக்கிறது? பூண்டு நாற்றம், இடுப்பு வலி, ரோட்டோரத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிற பிழைப்பு. மகள் காலேஜுக்குப் போன பிறகு நீ எதற்காக இதில் ஏற வேண்டும்? நானாக இருந்தால் ஏற மாட்டேன். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வருவியா மாட்டியா என்றுதான் சீட்டைக் கேட்டேன். அதற்கு மட்டும் உன் குரலில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தேஷெங்


லின்யீ, ஜூன் 10

தேஷெங்,

பரீட்சை முடிந்தது. யாவ்யாவ் வந்து படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுதினாய் என்று கேட்டால் தலையணையை எடுத்து எறிகிறாள். உன் வளர்ப்பு. நாளைக்கு என் அக்கா வீட்டுக்குப் போகிறாள், கவலைப்படாதே.

உன் பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே, சொல்ல வேண்டியதை இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. சுற்றும் தெரியுமா? டீயும் சுடச்சுடத்தான் வந்தது. மனசு இழுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதலில் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் எவனையோ திட்டிக்கொண்டிருக்கும்போது, ஊரான் வீட்டு எருமைக்கெல்லாம் கத்துகிறோமே, நம்முடையது என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்று தோன்றியது. பணி எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் முகம் தொங்கிப் போயிற்று.

கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு சண்டை போட்டேன். வண்டி ஓடும்போது பாருங்கள், உயிர் விஷயம். இன்ஜினை அணைத்த பிறகு அது ஒருத்தன் படுக்கை அறை, அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன். எழுதித் தர மாட்டேன் என்றார். "சரி, நின்ன வண்டிக்குத் தொப்பி போட்டா கேட்கலை. கத்தாதீங்க" என்று வாயால் சொன்னார். அது போதும். நீயும் பதினேழும் ரகசியமாக வைத்திருந்தது இனி எல்லாருக்கும் தெரிந்ததுதான், உங்களுக்குள் என்று ஒன்றும் கிடையாது. இப்போது எல்லா டிரைவரும் தொப்பி கேட்கிறார்கள். லியாங் தனக்குச் சிவப்புதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். சாம்பல் நிறத்தில் ஒன்று தைத்து அனுப்பினேன். சிவப்பு ஒன்றே ஒன்றுதான்.

பதினேழு என் முகத்தைப் படம் எடுத்து மெஷினில் ஏற்றிவிட்டாள், இல்லாவிட்டால் பக்கத்து சீட்டில் ஆளைக் கண்டதும் அது ஊரைக் கூட்டுமாம். உன் வண்டி அவளிடமே இருக்கட்டும். நேர்ரோட்டில் உன்னை இரண்டு பேர் பார்த்தால் நல்லதுதான். ஆனால் "வேண்டாமே" என்று இன்னொரு முறை இழுத்தாள் என்றால் நான் மைக் இல்லாமலே பதில் சொல்வேன். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். சிரித்தாள். போகும்போது கண்ணுக்கு விடும் அந்த மருந்தில் ஒரு பாட்டில் என் பையில் போட்டாள். உன் கண்ணுக்குத்தான். வாங்கிக்கொண்டேன், எரிந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

திரையை எட்டிப் பார்த்தது தப்பு. இனிமேல் நேரில் பார்க்கிறேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் காதைத் திருக மாட்டேன்.

இந்தக் கடிதத்தை டிங் அண்ணன் தனியாகக் கொண்டு வரவில்லை. அவர் லாரியில் நானும் வருகிறேன். நீ இதைப் படிக்கும்போது நூடுல்ஸ் கடை வாசலில் மூட்டையோடு நின்றுகொண்டிருப்பேன். கண்ணைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய். இத்தனை மாதமாக என் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என் குரலில் பேசி உன் ரகசியமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளே ஒருத்தி, அவளை இறக்கிவிடு. அங்கே இரண்டு பேருக்கு இடம் இல்லை.

யுன்ஷியா